விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை: பழைய லாரியில் கோளாறைத் தேடும் முறை

சாவியைப் போட்டால் டாஷ்போர்டு விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, ஹெட்லைட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் சாவியை முழுக்கத் திருப்பினால் ஒரே ஒரு "டக்". இன்ஜின் அசையக்கூட இல்லை.

என் பழைய டீசல் வண்டி இப்படி நின்றபோது, "பேட்டரியில்தான் கரன்ட் இருக்கிறதே, அப்படியானால் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் போயிருக்கும்" என்று முடிவுகட்டி அதைக் கழற்றினேன். கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டு மாட்டியும் அதே "டக்". இன்ஜினையும் சேஸையும் (வண்டியின் இரும்புச் சட்டம்) இணைக்கும் எர்த் பட்டையில்தான் கோளாறு இருந்தது. கனமான செல்ஃபை வண்டிக்கு அடியில் படுத்து இறக்கி ஏற்றுவது எவ்வளவு வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். அந்த வேலை உங்களுக்கு வீணாகக் கூடாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 12 வோல்ட் வண்டியில் இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து ஏறக்குறைய 10 ஆம்பியர்தான் இழுக்கும். டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃபுக்குப் பல நூறு ஆம்பியர் வேண்டும். பாதி இற்றுப்போன கேபிள்கூட விளக்குக்குத் தாராளமாகக் கரன்ட் கொடுக்கும், செல்ஃபுக்குக் கொடுக்காது. அதனால் விளக்கு எரிவதை வைத்து பேட்டரி நல்லது, கேபிள் நல்லது என்று சொல்லவே முடியாது.

தொடங்குமுன் கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இன்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள் உள்ள வண்டியானால் அதை இழுத்தே வைத்திருங்கள், சோதனை நடுவே இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது. மோதிரம், உலோகப் பட்டை வாட்ச் இரண்டையும் கழற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்ற நேர்ந்தால் எர்த் (நெகட்டிவ்) பக்கம் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

1. சத்தத்தைக் கேளுங்கள்

ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் செல்ஃப் பக்கம் காதைக் கொடுங்கள். "டக டக டக" என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி பலமில்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. ஒரே "டக்" என்றால் சொலினாய்டு (செல்ஃபோடு சேர்ந்திருக்கும் மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. இதற்கு 3வது படி. சத்தமே இல்லையென்றால் சொலினாய்டுக்குச் சாவியின் கரன்ட் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொண்டு 4வது படிக்குப் போங்கள்.

2. பேட்டரி

வண்டி சும்மா இருக்கும்போது பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து 12.6 வோல்ட் வந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். சார்ஜ் போட்டுவிட்டு மேற்கொண்டு பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையே சந்தேகப்படலாம்.

3. வோல்டேஜ் எங்கே காணாமல் போகிறது?

நான் ஏமாந்தது இங்கேதான். செல்ஃபின் பெரிய போல்ட்டில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும் செல்ஃப் உடம்பில் கறுப்பு முனையையும் வைத்துப் பார்த்தேன். 12.6 காட்டியது. "கேபிள் இரண்டும் நல்லது" என்று எழுந்துவிட்டேன். சாவியைத் திருப்பாமல் அளந்ததுதான் தவறு. மீட்டர் இழுக்கும் கரன்ட் மிக மிகக் குறைவு. நூறு இழையில் ஒரே இழை மிச்சமிருந்தாலும் அது முழு வோல்டேஜையும் காட்டும். செல்ஃப் பெரிய கரன்ட்டை இழுக்கும்போதுதான் கேபிளின் நிஜம் தெரியும்.

சரியான முறை இது. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் முளையின் மேல். கிளாம்ப்பில் வைக்காதீர்கள், ஈய முளையிலேயே குத்துங்கள். கிளாம்ப்புக்கும் முளைக்கும் நடுவே பூத்திருந்தால் அதுவும் அளவில் வந்துவிடும். சிவப்பு முனை செல்ஃப் உடம்பில், பெயின்ட் இல்லாத இடத்தில். இப்போது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 12 வோல்ட் வண்டியில் எர்த் பக்கம் 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து சிவப்பை பாசிட்டிவ் முளையிலும் கறுப்பை செல்ஃபுக்குக் கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்து அதேபோல் பாருங்கள். இங்கே 0.5 வரை பரவாயில்லை.

என் வண்டியில் பாசிட்டிவ் பக்கம் 0.1தான். எர்த் பக்கம் 6.8! பாதி வோல்டேஜுக்கு மேல் எர்த்திலேயே செத்துக்கொண்டிருந்தது. பிரித்து அளந்தேன்: பேட்டரியிலிருந்து சேஸ் வரை 0.1, சேஸிலிருந்து இன்ஜின் வரை 6.7. அந்தப் பட்டையைப் பார்த்தால் வெளியே ஒரு குறையும் தெரியாது, போல்ட்டும் இறுக்கமாகவே இருந்தது. கழற்றியபோது திம்பிளுக்கு (பட்டையின் நுனியில் போல்ட் நுழையும் வளையம்) அடியில் பச்சைப் பொடி கொட்டியது. வளையும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, விரலால் தேய்த்ததும் உதிர்ந்தன. ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தொட்டால் சூடாக இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எர்த் கிடைக்காத கரன்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகப் போயிருக்கிறது. நாலைந்து முறை சாவி திருப்பியதும் ஆக்ஸிலரேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ சுட்டால், நேராக எர்த் பட்டைக்குப் போங்கள்.

மீட்டர் கையில் இல்லையா? தடிமனான ஜம்பர் கேபிளை எடுத்து பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் உலோகத்துக்கு நேரடியாகப் போடுங்கள். செல்ஃப் அடித்தால் கோளாறு எர்த்தில்தான்.

திரும்ப மாட்டும்போது சேஸில் உள்ள பெயின்டை எமரி தாளால் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்தபின் போல்ட்டை இறுக்குங்கள். கிரீஸ் அதற்கு மேல்தான். அடியில் தடவி மூடாதீர்கள்.

இரண்டு பக்கமும் அளவு சரியாக இருந்து, ஒரே "டக்"கோடு நின்றால் அப்போது செல்ஃபைக் கழற்றலாம். சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புக் காண்டாக்ட் தேய்ந்திருக்கும், அல்லது பிரஷ் முடிந்திருக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஒரு தடவை ஓடலாம். அது பிரஷ் தேய்ந்ததற்கான அடையாளம், வைத்தியம் இல்லை.

4. சத்தமே இல்லையென்றால்

சொலினாய்டில் சாவியிலிருந்து வரும் மெல்லிய வயரைக் கண்டுபிடியுங்கள். பல செல்ஃப்களில் அந்த முனைக்கு 50 என்றும், பேட்டரி கேபிள் வரும் முனைக்கு 30 என்றும் போட்டிருக்கும். டெஸ்ட் லேம்ப்பை 50க்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.

எல்இடி டெஸ்டர் இதற்கு வேண்டாம். பூத்துப்போன வயரிலும் அது பளிச்சென்று எரிந்து நம்மை ஏமாற்றும். நான் இன்டிகேட்டரின் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயரைப் பற்றவைத்து வைத்திருக்கிறேன். கிட்டத்தட்ட 2 ஆம்பியர் இழுப்பதால் வயர் பலவீனமென்றால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை மீட்டர் வாங்கினாலும் இந்தப் பல்பை நான் விடமாட்டேன்.

பல்பு நன்றாக எரிந்தும் சொலினாய்டு இழுக்கவில்லையென்றால் செல்ஃபின் எர்த்தை 3வது படிப்படி பார்த்துவிட்டு சொலினாய்டை மாற்றுங்கள். எரியவில்லையென்றால் ஃபியூஸ், செல்ஃப் ரிலே, இக்னிஷன் சுவிட்ச், கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச் என்று பின்னோக்கிப் போங்கள். கியர் லீவரை ஆட்டிக்கொண்டே திருப்பும்போது ஒருமுறை எடுத்தால் நியூட்ரல் சுவிட்ச்தான்.

5. இன்ஜின் இறுகியிருந்தால்

எல்லாம் சரியாக இருந்தும் சாவி திருப்பும்போது விளக்கு அடியோடு மங்கினால், எர்த்தைக் கழற்றிவிட்டு கிராங்க் புல்லி போல்ட்டில் நீள சாக்கெட் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். கட்டையாக நின்றால் பலவந்தமாகச் செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீரோ டீசலோ நிறைந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

பின்சேர்க்கை: இதே முறையை 24 வோல்ட் லாரியில் செய்த ஒரு நண்பர், எல்லா அளவும் சரி, ஆனாலும் எடுக்கவில்லை என்று கேட்டார். அதில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக இணைந்திருக்கும். அவர் மொத்தமாக அளந்து 25 இருக்கிறது என்று விட்டுவிட்டார். சாவி திருப்பும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். ஒன்று 11.9ல் நின்றது, மற்றது 4க்கு விழுந்தது. இரண்டையும் இணைக்கும் குட்டிக் கேபிளையும் 3வது படியில் சேர்த்து அளந்துவிடுங்கள்.