டர்பன் கடற்கரையிலும் மொசாம்பிக் எல்லையிலும் வணிகக் கூட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் துறைமுக நகரான டர்பனில் ஒரு வணிகக் கூட்டம் நடத்தலாம் என்று முடிவானவுடன் பெரும்பாலோர் முதலில் தேடுவது மண்டபத்தைத்தான். கடல் தெரியுமா, எத்தனை பேர் அமரலாம், தலைக்கு எவ்வளவு என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்ததும் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். கூட்டம் எந்த நாளில் என்பதை அதன் பிறகு, மண்டபம் காலியாக இருக்கும் தேதிக்கு ஏற்ப வைத்துக்கொள்கிறார்கள். சென்னை, கோவை, மொரிஷியஸ் ஆகிய இடங்களிலிருந்து விருந்தினரை வரவழைத்து இங்குள்ள தமிழ் வணிகர்கள் நடத்தும் கூட்டங்களில் நேரும் சங்கடங்களுள் பல, இந்த வரிசை தலைகீழாக இருப்பதால் வருபவை. முதலில் நாள், அடுத்து யார் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டில் வருகிறார்கள் என்ற விவரம், அதற்குப் பிறகே இடம் என்று திட்டமிடுவதே சரியான முறை என்பது என் உறுதியான கருத்து.

நாளைத் தேர்வதில் நேரும் தவறு

சென்னையில் டிசம்பரும் ஜனவரியும் இதமான மாதங்கள். அதனால் அங்கிருந்து வருகிறவர்கள் அந்த மாதங்களையே கேட்கிறார்கள். டர்பன் அமைந்துள்ள குவாசூலு-நாட்டால் மாகாணத்தின் கரையில் அதுவே கோடையின் உச்சம். வெப்பமானி 28 டிகிரி என்றுதான் காட்டும். ஆனால் இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று சேரும்போது கோட்டும் டையும் அணிந்த ஒருவர் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மண்டப வாசலுக்கு வருவதற்குள் சட்டை நனைந்துவிடும். கோடையே மழைக்காலமும் ஆகும். வானிலையை விடப் பெரிய தடை விடுமுறை. டிசம்பர் 16 நல்லிணக்க நாளையொட்டிக் கட்டுமான நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டு, ஜனவரி தொடங்கிய பின்னரே ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. உள்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வந்திறங்கும் நேரமும் அதுதான். சந்திக்க வேண்டிய அதிகாரி ஊரில் இருக்கமாட்டார்; விடுதி அறையின் வாடகையோ ஆண்டின் உச்சத்தில் இருக்கும்.

மே முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்கள் வறண்டவை, மிதமானவை. பகலில் 22, 23 டிகிரியும் தெளிந்த வானமும் இருக்கும். ஆனால் குளிர்காலம் என்றாலே எந்த வாரமும் சரி என்று எண்ணிவிடக் கூடாது. மே மாதத்தில் ஆப்பிரிக்காவின் பெரிய சுற்றுலா வணிகச் சந்தையான டிராவல் இண்டாபா டர்பன் சர்வதேச மாநாட்டு மையத்தில் கூடுகிறது. அந்த வாரத்தில் நகர மையத்தில் அறை கிடைப்பது கடினம். டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான் வழக்கமாக ஜூனில் வருகிறது. அன்று விடியுமுன்பே சாலைகள் மூடப்படும். ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் நடக்கும் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்துக்கு நாடு முழுவதிலுமிருந்து கூட்டம் வரும். இவற்றோடு பள்ளிகளின் குளிர்கால விடுமுறையும் சேர்ந்துகொள்கிறது. ஆகஸ்ட் 9 மகளிர் நாள் விடுமுறை கழிந்த பிறகு வரும் வாரங்களில், செவ்வாய் முதல் வியாழன் வரையிலான ஒரு நாளைத் தேர்வதே என் பரிந்துரை. அந்தப் பருவத்தில் உள்நாட்டு மலைப்பக்கத்திலிருந்து பெர்க் காற்று என்னும் வெப்பக்காற்று இறங்கி ஓரிரு நாள் திடீரெனச் சூடேற்றும் என்பதையும் நினைவில் வைத்தால் போதும்.

வெள்ளிக்கிழமையை விலக்கச் சொல்வதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. டர்பன் வணிக உலகில் முஸ்லிம் வணிகர்கள் பெரும் பங்கு வகிக்கிறார்கள். வெள்ளி நண்பகலில் அவர்கள் ஜும்ஆ தொழுகைக்குச் செல்வார்கள். ஒப்பந்தத்தின் முக்கியப் பேச்சை நண்பகல் 12 மணிக்கு வைத்துவிட்டு, பாதி நாற்காலிகள் காலியானதைப் பார்த்து வருந்துவதில் பயனில்லை. தீபாவளிக்கு இங்கே அரசு விடுமுறை கிடையாது என்பதால், அன்று கூட்டம் வைக்கலாமே என்று வேற்று ஊர் அமைப்பாளர்கள் எண்ணிவிடுவதும் உண்டு. நாட்காட்டியில் சிவப்பு எழுத்து இல்லாவிட்டாலும் இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் ஆகிய பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு அது வீட்டில் இருக்க வேண்டிய நாள். தைப்பூசக் காவடிக்கும் இதே நிலைதான். ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மக்கள் திரளுகிறார்கள் என்பதையும் அழைப்பிதழ் அச்சிடுமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடல் தெரியும் மண்டபம்

டர்பன் கடற்கரை கிழக்கு நோக்கியது. விருந்தினர் மகிழ வேண்டும் என்று கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர் உள்ள அறையை எடுக்கும்போது, சூரியன் அந்தப் பக்கத்திலிருந்துதான் எழுகிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஜூன் மாதத்தில் காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு உதிக்கும் சூரியன், கூட்டம் தொடங்கும் எட்டரை மணிக்கு இன்னும் தாழ்வாகவே நிற்கும். அலையில் பட்டு எதிரொளிக்கும் வெளிச்சமும் சேர்ந்து திரையின் மீது விழும். கணக்கு விவரங்களைக் காட்டும் முதல் அமர்வில் திரையில் எண்களே தெரியாது. மெல்லிய வெள்ளைத் திரைச்சீலை இதற்குப் போதாது; வெளிச்சத்தை முழுதும் தடுக்கும் தடித்த திரைச்சீலை இருக்கிறதா என்று மண்டபத்தைப் பார்வையிடச் செல்லும்போதே இழுத்துப் பார்க்க வேண்டும். பார்வையிடுவதையும் கூட்டம் நடக்கப்போகும் அதே காலை நேரத்திலேயே செய்வது நல்லது. அதே ஜூனில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும் ஆகையால், கடற்கரைப் புல்தரையில் ஆறு மணிக்குத் தேநீர் விருந்து என்று அழைப்பிதழில் போட்டால் விருந்தினர் இருட்டில்தான் நிற்பார்கள்.

மின்சாரம் பற்றிய கேள்வியைப் பலர் அரைகுறையாகக் கேட்கிறார்கள். 2007 முதல் இந்த நாட்டைப் படுத்தி வந்த லோட் ஷெட்டிங் என்னும் சுழற்சி மின்வெட்டு 2024 மார்ச்சுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மைதான். ஆயினும் பகுதி அளவில் கேபிள் பழுதும் துணைமின் நிலையப் பழுதும் தொடர்கின்றன. ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். அது எவற்றை இயக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. விளக்குகளையும் லிஃப்டையும் மட்டும் இயக்கி, ஏசியை விட்டுவிடும் ஏற்பாடாக இருந்தால், பிப்ரவரி மாதத்தில் மூடிய அறைக்குள் அரை மணி நேரம்கூட யாரும் அமர முடியாது. தண்ணீரையும் இதே கவனத்தோடு கேட்க வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அந்த ஊர் மக்கள் பல மாதங்கள் குழாய் நீரின்றித் துன்பப்பட்டார்கள். நகரின் வடபகுதியில் கூட்டம் வைப்பவர்கள் மண்டபத்துக்குச் சொந்தமாக ஜோஜோ எனப்படும் பிளாஸ்டிக் நீர்த்தொட்டிகள் உள்ளனவா, அவை கழிவறைகளுக்கும் இணைக்கப்பட்டுள்ளனவா என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

விலைப்புள்ளியில் 15 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்பதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

உணவைப் பொறுத்தவரை, சைவம் என்ற ஒரு சொல்லை மட்டும் ஹோட்டல் சமையலறைக்கு எழுதி அனுப்புவது போதாது. கோழி எலும்பு வேகவைத்த நீரில் செய்த சூப்பும், முட்டை சேர்த்த பலகாரமும் சைவ மேசைக்கு வந்துவிடும். நீண்ட மேசை ஒன்றில் பனீர்க் கறியையும் ஆட்டுக்கறியையும் அடுத்தடுத்து வைத்தால், வரிசை நகர நகர ஒரே கரண்டி இரண்டு பாத்திரங்களுக்கும் போய்வரும். அதைக் கண்ட பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். சைவத்துக்குத் தனி மேசையும் தனிக் கரண்டியும் வேண்டும். புலாலுக்கு ஹலால் சான்று வேண்டும். செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை புரட்டாசி விரதம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம் என்பதால், அந்த மாதத்தில் இறால் விருந்து வைத்து உள்ளூர்த் தமிழ் வணிகர்களைக் கௌரவிக்க முயல்வது எதிர்விளைவையே தரும்.

எல்லையைக் கடக்கும் கூட்டங்கள்

டர்பனில் ஒரு நாள், மொசாம்பிக் தலைநகர் மப்புட்டோவில் ஒரு நாள் என்று திட்டமிடுவது இப்போது பெருகிவருகிறது. துறைமுகம், கிடங்கு, சரக்குப் போக்குவரத்து ஆகிய துறைகளில் இருப்பவர்களுக்கு அது இயல்பான ஆசையே. மிகுந்த பொருள் இழப்பைத் தரும் தவறுகளும் இங்கேதான் நடக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது விசா. தென்னாப்பிரிக்கர் மொசாம்பிக்குக்கு விசா இல்லாமல் போய்வரலாம். அதே வண்டியில் உடன் வரும் இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு அது பொருந்தாது. அவருக்கு மொசாம்பிக்குக்கு உரிய விசா வேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள்கூட, திரும்பி வருவதற்கான வழியை மறந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு முறை நுழைய அனுமதிக்கும் தென்னாப்பிரிக்க விசாவில் வந்தவர் எல்லையைத் தாண்டிய அந்தக் கணத்தில் அந்த விசா முடிந்துபோகிறது. மறுநாள் டர்பனில் விமானம் ஏற வேண்டியவர் மப்புட்டோவில் சிக்கிக்கொள்வார். ஆகவே அழைப்புக் கடிதம் எழுதும்போதே இரு நாட்டுப் பயணத்தையும் தேதியோடு குறிப்பிட்டு, பலமுறை நுழையும் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் முத்திரையில்லாத இரண்டு பக்கங்கள் இருக்க வேண்டும் என்பதும் தென்னாப்பிரிக்க விதி. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வருகிறவர்கள் அந்த விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றையும் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பின்னரே அச்சான்று செல்லும் என்பதால், கடைசி வாரத்தில் இதற்கு ஓடிப் பயனில்லை.

என்னைக் கேட்டால், விருந்தினரை எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்வதைவிட மப்புட்டோ தரப்பினரை இப்பக்கம் வரவழைப்பதே மேல் என்பேன். மொசாம்பிக் குடிமக்களுக்கும் இங்கு வர விசா வேண்டியதில்லை, மொரிஷியஸ்காரர்களுக்கும் அப்படியே. மப்புட்டோவிலிருந்து தென்னாப்பிரிக்க எல்லையூரான கொமாட்டிபோர்ட் சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆவணச் சுமை குறைந்தவர்கள் நகர்வதும், சுமை மிகுந்தவர்கள் ஓரிடத்தில் இருப்பதும் அனைவருக்கும் நல்லது.

அப்படியும் போகத்தான் வேண்டும் என்றால், எந்த எல்லைச் சாவடி எப்போது திறந்திருக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் மப்புட்டோ–கட்டெம்பே பாலம் திறக்கப்பட்ட பிறகு, டர்பனிலிருந்து ஹ்லுஹ்லுவே, மங்கூசி வழியாக கோசி பே சாவடியைக் கடந்து மப்புட்டோவை அடைவது எளிதாகிவிட்டது. ஆனால் கோசி பே சாவடி காலை 8 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடப்படுவது. மப்புட்டோவிலிருந்து அங்கு வர சுமார் 120 கிலோமீட்டர். மதிய உணவு நீண்டு மூன்றரை மணிக்குக் கிளம்பினால் பூட்டிய கதவின் முன்தான் நிற்க நேரிடும். நேரத்தோடு கடந்துவிட்டாலும் இருட்டில் அந்தச் சாலையில் மாடுகள் குறுக்கே நிற்கும் என்பதால், இரவில் டர்பனுக்குத் திரும்பும் திட்டத்தையே நான் ஏற்கமாட்டேன். கொமாட்டிபோர்ட்டை ஒட்டிய லெபொம்போ சாவடியில் சரக்கு லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நிற்கும். டிசம்பர் நடுவிலும் ஈஸ்டரிலும், சுரங்கங்களிலும் பண்ணைகளிலும் வேலை செய்யும் மொசாம்பிக் தொழிலாளர்கள் ஊர் திரும்பும்போது அங்கு மக்கள் வெள்ளமாக இருக்கும். 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பிறகு மொசாம்பிக்கில் கலவரம் வெடித்தபோது, நவம்பரில் அந்தச் சாவடியே மூடப்பட்டது. இத்தகைய சூழலில் கூட்டத்தை இணையவழியில் நடத்தவோ தென்னாப்பிரிக்கப் பக்கத்து நகரான மொம்பெலாவுக்கு மாற்றவோ ஒரு மாற்றுத் திட்டத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது அவசியம்.

வாடகை வண்டியில் செல்பவர்கள், வண்டியை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல நிறுவனம் தரும் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். சொந்த வண்டி கடனில் இருந்தால் வங்கியின் கடிதமும் தேவை. இரண்டு எச்சரிக்கை முக்கோணங்கள், ஒளிரும் மேலங்கி ஆகியவை வண்டியில் இல்லாவிட்டால் மொசாம்பிக் காவலர்கள் அபராதம் விதிப்பார்கள்.

மலேரியா பற்றியும் தெளிவு வேண்டும். டர்பனில் அந்த அச்சம் இல்லை. ஆனால் மங்கூசியை உள்ளடக்கிய குவாசூலு-நாட்டாலின் வடகிழக்கு முனை, கொமாட்டிபோர்ட், சிம்பாப்வே எல்லையிலுள்ள முசினா ஆகியவை மலேரியாப் பகுதிகள். செப்டம்பர் முதல் மே வரை அபாயம் மிகுதி. மொசாம்பிக்கில் ஆண்டு முழுவதும் உண்டு. டர்பனுக்கு மட்டும் வருவதாக எண்ணி வந்த விருந்தினரை முன்னறிவிப்பின்றி எல்லைப்பக்கம் அழைத்துச் செல்வது பெருந்தவறு. தடுப்பு மாத்திரையை அங்கு போவதற்கு முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் மருத்துவர் சொன்ன நாட்கள்வரை விடாமல் உட்கொள்ள வேண்டும். மலேரியாவைப் பரப்பும் கொசு அந்தியிலிருந்து விடியும்வரை கடிப்பது ஆகையால், ஆற்றங்கரைத் திறந்தவெளியில் இரவு விருந்து வைப்பதையும் கைவிட வேண்டும். சென்னைக்குத் திரும்பிச் சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், இன்ன இடத்துக்குப் போய்வந்தேன் என்று மருத்துவரிடம் சொல்லி அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி விருந்தினர் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் தெரிவிப்பது அழைத்தவரின் கடமை.