இணையத்தில் பழங்காசு ஏலம் கேட்பது எப்படி?

1911-ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு அச்சான காசில் அரசரின் அங்கியில் உள்ள யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்ததால், 1912-இல் யானையின் உருவம் திருத்தப்பட்டது. வெளியே விடப்படாத காசுகளில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அதனால்தான் இந்த ஓர் ஆண்டுக் காசுக்கு இவ்வளவு போட்டி. விலை கேட்பதற்கு முன், அங்கியின் அந்தப் பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்த படத்தையும், தராசின் மேல் காசு இருக்கும் படத்தையும் விற்பவரிடம் கேளுங்கள். ஆண்டு எண்ணைத் திருத்திவிட முடியும்; யானையின் துதிக்கையையும் காலையும் திருத்துவது எளிதன்று. எடை 11.66 கிராமை ஒட்டி இருக்க வேண்டும்; தேய்மானத்தால் சற்றுக் குறையலாம், கூடக் கூடாது. இந்த இரண்டு படங்களையும் தரத் தயங்குபவரின் ஏலத்தை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

அடுத்து, உங்கள் உச்ச விலையை ஏலம் சூடு பிடிப்பதற்கு முன்பே தாளில் எழுதி வையுங்கள். அதற்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டியது, விற்பவர்கள் போட்டு வைத்திருக்கும் விலைகள் அல்ல, முடிந்துபோன ஏலங்களில் உண்மையில் கைமாறிய விலைகள். ஏல நிறுவனங்கள் வாங்குவோரிடம் தனிக் கட்டணம் வசூலிப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டணம் 20 விழுக்காடு, அக்கட்டணத்தின் மீது வரி 18 விழுக்காடு என்றால், 8,000 ரூபாய்க்கு முடிந்த காசுக்கு நீங்கள் கட்டுவது 9,888 ரூபாய். மொத்தச் செலவு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று எண்ணியவருக்குக் கூரியர் செலவுக்காக மிஞ்சுவது 112 ரூபாய்தான். காசின் மீதும் வரி உண்டா என்பதை ஏல நிபந்தனைகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைத்த தொகையை ஏலத்தில் எப்படிக் கொடுப்பது என்பதற்கு, ஏலம் இயங்கும் விதம் தெரிந்திருக்க வேண்டும். ஈபே போன்ற தளங்களில் நீங்கள் உச்சத் தொகையைப் பதிந்தால் தளம் அதை மறைத்து வைத்துக்கொண்டு, உங்கள் சார்பில் தேவையான அளவுக்கு மட்டும் விலையை ஏற்றும். நீங்கள் 180 டாலர் பதிந்திருக்க, அடுத்தவரின் உச்சம் 120 டாலர் என்றால், ஒரு படி மட்டும் கூடி 122.50 டாலரில் காசு உங்களுக்கு வரும். இது கணினி வந்த பிறகு பிறந்த முறை அன்று. 1893-லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அஞ்சல்தலை வணிகர்கள், நேரில் வர இயலாதவர்களிடம் கடிதம் வழியே உச்ச விலையை வாங்கிக்கொண்டு, இரண்டாவது விலைக்குச் சற்று மேலே விற்றிருக்கிறார்கள். உண்மையான மதிப்பைச் சொல்வதால் நமக்கு நட்டமில்லை என்பதே இம்முறையின் அழகு. பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் இதைக் கணித வழியில் காட்டினார்.

ஆனால் அந்த 122.50 டாலருக்கும் 180 டாலருக்கும் இடையில் உள்ள பணத்தின் மீதுதான் நேர்மையற்ற விற்பனையாளரின் கண் இருக்கும். அவர் வேறொரு பெயரிலோ உறவினர் மூலமோ சிறு சிறு தொகையாக ஏற்றிக்கொண்டே வந்து, உங்கள் உச்சத்தைத் தொடும் முன் நிறுத்தப் பார்ப்பார். ஒரு முறை நான் 8,000 ரூபாய் பதிந்துவிட்டு உறங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஒரே கணக்கிலிருந்து பத்து நிமிடத்துக்குள் 3,500, 4,000, 4,500 என்று ஏறி 7,500-இல் நின்றிருந்தது. அந்தக் கணக்கு அதே விற்பனையாளரின் பொருள்களைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. கேட்ட எதையும் வென்றதாகவும் தெரியவில்லை. இவை அனைத்தும் சேர்ந்தும் முழு ஆதாரம் ஆகிவிடாது, ஏனெனில் புதிதாகச் சேகரிக்கத் தொடங்கியவர்களும் இப்படிப் படிப்படியாகக் கேட்பதுண்டு. ஆயினும் இத்தனை அடையாளங்களும் ஒன்றுகூடினால் விலைப் பட்டியலைப் படம் எடுத்துத் தளத்துக்குப் புகார் அனுப்புங்கள். அந்த விற்பனையாளரிடம் மீண்டும் கேட்காதீர்கள். இதைச் சிறு குறும்பு என்று கருதிவிடக் கூடாது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்தது போலத் தோன்றச் செய்த ஓவியம் ஒன்று ஈபேயில் 1,35,805 டாலர் வரை போனது. விற்றவரே வேறு பெயரில் விலை கேட்டது தெரிந்ததும் தளம் அந்த விற்பனையை ரத்து செய்தது, மறு ஆண்டு வழக்கும் தொடரப்பட்டது.

இத்தகைய ஏற்றலுக்கு எதிராக வாங்குபவரிடம் உள்ள நல்ல காப்பு, கடைசி நேரத்தில் ஒரே முறை கேட்பது. குறித்த நொடியில் முடியும் ஏலத்தில், முடிவதற்குச் சில நொடிகள் இருக்கும்போது உங்கள் முழு உச்சத்தையும் பதிந்தால், அதைத் தட்டிப் பார்க்க எவருக்கும் நேரம் இருக்காது. இதைச் சிலர் குறுக்குவழி என்று கடிந்துகொள்கிறார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் வரை இதில் எந்தத் தவறும் இல்லை என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் கடைசி நிமிடத்தில் யாரேனும் கேட்டால் நேரம் நீளும் தளங்களில் இந்த உத்தி பெரிதும் வலுவிழக்கும். அங்கே முன்கூட்டியே எழுதிய தொகையில் நிற்பது ஒன்றே வழி.

வாங்குபவர்கள் செய்யும் அநியாயமும் உண்டு. அதைப் பலர் அநியாயமாகவே நினைப்பதில்லை. டெண்டர்களில் நாம் சிண்டிகேட் என்று சொல்வதைப் போல, "இந்தக் காசு உனக்கு, அந்தக் காசு எனக்கு, இருவரும் போட்டியிட வேண்டாம்" என்று பேசிவைத்துக்கொள்வதைச் சொல்கிறேன். 1990-களில் நியூயார்க்கில் அஞ்சல்தலை வணிகர் கூட்டம் ஒன்று, பொது ஏலத்துக்கு முன் தங்களுக்குள் ரகசியமாக ஓர் ஏலம் நடத்தி, வென்றவருக்காக ஒருவர் மட்டும் வெளியே விலை கேட்க, மிச்சமான பணத்தைப் பங்கிட்டுக்கொண்டது. அங்கே ஏமாந்தது, தன் கணவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தொகுப்பை விற்க வந்த பெண்மணியாகவும் இருக்கலாம். நண்பருக்கு ஒரு காசு மிகவும் வேண்டும் என்று தெரிந்து நீங்களாக ஒதுங்கிக்கொள்வது வேறு. பேசி வைத்துப் பிரித்துக்கொள்வது வேறு. போட்டியாளரின் உச்சம் தெரிவதற்காகப் பெருந்தொகையைப் பதிந்து உடனே திரும்பப் பெறுவதும் இவ்வகையே. தட்டச்சுப் பிழை போன்ற காரணங்களுக்கு மட்டுமே ஈபே அதை அனுமதிக்கிறது.

இந்தியச் சட்டத்தையும் மறக்கலாகாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டைக் கடந்த காசு தொல்பொருள் ஆகும். தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. மேலே சொன்ன 1911-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாயும் அதில் அடங்கும். பழங்காசை விற்றுத் தருவதாகக் கூறி ரிசர்வ் வங்கியின் பெயரில் எவரேனும் முன்பணம் கேட்டால் அது மோசடி. அத்தகைய வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை, கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை என்று அவ்வங்கியே 2021-இல் அறிவித்திருக்கிறது.

வென்ற பிறகு குறித்த நாளுக்குள் பணத்தைச் செலுத்துங்கள். பொட்டலம் வந்ததும், முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்து, காசின் ஓரத்தை மட்டும் பிடித்துத் தராசில் வைத்து, ஏலப் படத்தில் கண்ட கீறல்கள் அதே இடத்தில் உள்ளனவா என்று ஒப்பிட்ட பின்னரே விற்றவருக்கு மதிப்பீடு எழுதுங்கள்.