‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ படிக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் இந்த நாவலை எடுத்தால் முதலில் பணக் கணக்கைப் பிடியுங்கள். யாருக்கு வருஷ வருமானம் எவ்வளவு என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள்: நாயகன் டார்சிக்கு 10,000 பவுண்டு, நாயகி எலிசபெத்தின் அப்பா பென்னெட்டுக்கு 2,000. அந்த 2,000 வரும் நிலமும் வீடும் ஆண் வாரிசுக்கு மட்டுமே என்று எழுதிவைத்த சொத்து, அதனால் ஐந்து பெண்கள் இருந்தும் அப்பா கண்ணை மூடினால் எல்லாம் உறவுக்காரர் காலின்ஸுக்குப் போய்விடும். எலிசபெத்துக்கு மிஞ்சுவது, அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு, 1,000 பவுண்டும் அதற்கு 4 சதவீத வட்டியும்தான். வருஷத்துக்கு 40 பவுண்டு. இது தெரிந்தால் அந்த அம்மாவின் பதற்றம் நியாயமாகவே படும், எனக்கு அவர்மேல் பரிதாபம்தான்.

அப்புறம் மரியாதை வழக்கங்கள். புதிதாகக் குடிவந்தவரை வீட்டு ஆண் முதலில் போய்ப் பார்த்தால்தான் பெண்கள் அவரோடு பழக முடியும். கடைசிப் பெண் லிடியா கல்யாணமாகி வந்ததும் மூத்தவள் ஜேனைப் பின்னுக்குத் தள்ளி அம்மாவின் வலப்பக்கம் நடக்கிறாள், அந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

கிரெட்னா கிரீன் என்ற பெயர் வந்தால் வரைபடத்தைத் திறங்கள். 1753இல் இங்கிலாந்தில் வந்த திருமணச் சட்டத்துக்குப் பிறகு, 21 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்ய ஓடிய, அந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தின் எல்லை ஊர் அது.