டிவி செய்தியா? வினைச்சொல்லைப் பாருங்கள்

இருபதுகளில் இருக்கும் பலரும் டிவி செய்தியை எடைபோடுவது, வாசிப்பவரின் தோரணையையும் பளபளக்கும் செட்டையும் வைத்துத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது முதலில் கவனிப்பது வினைச்சொல்லை. ‘கூறப்படுகிறது’ என்று வந்தால், கூறியது யார்? பெயரோ பொறுப்போ சொல்லவில்லையென்றால் அந்தச் செய்தி இன்னும் வேகவில்லை.

அப்புறம் திரையின் மூலை. ‘கோப்புக் காட்சி’ என்று பொடி எழுத்தில் இருந்தால், ஓடும் படம் பழையது. போனுக்கு வரும் துணுக்கு வீடியோக்களில் இந்த வரியைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்!

2017-இல் வந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வொன்றில், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் ஒரே இணையப் பக்கத்தில் உட்கார்ந்திருக்காமல் சட்டென்று வேறு இடங்களில் தேடினார்கள். டிவிக்கும் அதே வழிதான். சேனலை மாற்றிப் பாருங்கள். ஐந்து சேனலும் ஒரே செய்தி ஏஜென்சியை, அதாவது சேனல்களுக்குச் செய்தி தரும் ஒரே நிறுவனத்தை, ஆதாரமாகச் சொன்னால், சரி, கணக்கில் அது ஒரு ஆதாரம்தான்.