நொறுங்கிய காரைத் தள்ளிவிடுமுன்

பழுதுபார்க்கும் செலவு பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், காப்பீட்டில் அதை ‘முழு இழப்பு’ என்பார்கள். பணம் கைக்கு வந்ததும் பலர் காரை மறந்துவிடுகிறார்கள். வம்பே அங்கேதான். ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கும்வரை, அந்த எண்ணை மாட்டிக்கொண்டு எவனோ செய்யும் விபத்துக்கும் நோட்டீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். வாகனம் இனி ஓடாது என்றால், மோட்டார் வாகனச் சட்டப்படி 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

காயலான் கடைக்காரர் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தருவதாகச் சொல்வார்; மயங்காதீர்கள். பதிவுபெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். புதிய கார் பதிவின்போது அது உதவும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும், சுங்கக் கட்டணம் கழிக்கும் ஃபாஸ்டேக்கைச் சுரண்டி எடுத்து, கணக்கையும் மூடிவிடுங்கள். நான் மறந்து, பிறகு வங்கிக்கு அலைந்தேன்.