எடுப்பதோடு நின்றுவிடும் போட்டோ குழுக்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு போட்டோ குழு தொடங்கும் வேகத்தைப் பார்த்தால் நூறு வருடம் ஓடும் என்று தோன்றும். நாகர்கோவிலில் ஒருவர் வாட்ஸப் குழு ஆரம்பிப்பார். தக்கலையிலிருந்து இரண்டு ஆசிரியர்கள், மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர், குளச்சலிலிருந்து வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் என்று ஆள் சேரும். முதல் ஞாயிறு முட்டம், அடுத்தது மாத்தூர் தொட்டிப்பாலம், அப்புறம் வட்டக்கோட்டை, திற்பரப்பு. சில மாதங்களில் போக இடம் தீர்ந்துவிடும். குழுவில் காலை வணக்கம் படங்கள் வர ஆரம்பிக்கும்.

காரணம் கேட்டால் எல்லாருக்கும் நேரமில்லை என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஞாயிறு விடிவதற்கு முன் எழுந்து வருகிறவர்களுக்கு நேரம் இருக்கத்தான் செய்கிறது. எடுத்துவந்த படங்களை நடுவில் வைத்து உட்கார்ந்து பேசும் பழக்கம்தான் அங்கே வரவே இல்லை. தனியாகவே போய் எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு கட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தோன்றிவிடுகிறது.

போய்வருவதோடு முடித்துக்கொள்வது

மற்ற பல தவறுகளுக்கும் வேர் இதுதான். ஒரு காலைப் பொழுது வெளியே போனால், ஒரு மாலைப் பொழுதைப் படம் பார்க்க ஒதுக்குங்கள். மண்டபம் வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம். யாராவது ஒருவர் வீட்டு டிவியில் பென் டிரைவைச் செருகினால் போதும். ஆளுக்கு மூன்று படம், அதற்கு மேல் கிடையாது. இருநூறு படம் எடுத்துவந்தவர் அதில் மூன்றைப் பொறுக்க முடியாமல் படும் பாட்டை அவரே பட வேண்டும். எல்லாவற்றையும் குழுவில் கொட்டி, "இதுல எது நல்லாருக்கு?" என்று கேட்டு அந்த வேலையை மற்றவர் தலையில் கட்டக் கூடாது.

படம் திரையில் வந்ததும் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வையுங்கள். கடைப்பிடிப்பது கஷ்டம்தான். நம் ஆட்களுக்குப் படத்தைக் காட்டுவதைவிட அதை எடுத்த கதையைச் சொல்வதில்தான் பிரியம். எத்தனை மணிக்கு எழுந்தேன், எந்தப் பாறையில் ஏறினேன், அலை எப்படி வந்து நனைத்தது என்று ஆரம்பித்தால், கேட்பவர் கண்ணுக்குப் படம் தெரியாது, பட்ட சிரமம்தான் தெரியும். முதலில் மற்றவர்கள் பேசட்டும். கண் முதலில் எங்கே போனது, எங்கே மாட்டிக்கொண்டது, எதைப் பார்க்காமலே கடந்தது, இவ்வளவு சொன்னால் போதும். எதைக் காட்ட நினைத்தேன் என்று எடுத்தவர் கடைசியில் சொல்லட்டும்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்வோம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம். அந்த உயரத்தைக் காட்டத்தான் எல்லாரும் கீழே இறங்கி, அகல லென்ஸ் போட்டு, அண்ணாந்து எடுப்பார்கள். பார்க்கிறவருக்குத் தூண் தெரியும், உயரம் தெரியாது. அளந்து பார்க்க ஒரு தென்னையோ, ஆற்றில் நிற்கும் ஆளோ ஃபிரேமுக்குள் இருக்காது. அகல லென்ஸை அண்ணாந்து பிடித்ததில் தூண்கள் மேலே போகப்போக உள்பக்கம் சாயவும் செய்யும். "எனக்கு இது ஒரு மாடி உயரமாட்டுதான் தெரியுது" என்று எதிரே ஒருவர் சொல்லும்போதுதான் எடுத்தவருக்கு உறைக்கும். தனியாக இருந்து எத்தனை யூடியூப் பாடம் பார்த்தாலும் இது கிடைக்காது.

இதையெல்லாம் வாட்ஸப்பிலேயே செய்துவிடலாம் என்று நினைப்பதும் சரிப்பட்டு வராது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸப் படத்தைச் சுருக்கிவிடும். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ என்று படத்துக்குள் பதிவாகியிருக்கும் விவரங்களும் காணாமல் போகும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாகுமென்ட்டாக அனுப்புங்கள்.

"கொள்ளாம்" கட்சியும் விதிக் கட்சியும்

கருத்துச் சொல்வதில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சிக்கு எந்தப் படமும் "கொள்ளாம்", அதாவது நன்றாக இருக்கிறது. வம்பு எதற்கு, நாளைக்கு என் படத்துக்கும் அவன் அப்படியே சொல்லட்டும் என்ற கணக்கு. அடுத்த கட்சி கையில் விதிப்புத்தகத்தோடு வரும். "மக்கா, கடல் சரிஞ்சி கெடக்கு. ஆளு நடுவுல நிக்கான், மூணுல ஒரு பங்குல நிறுத்தணும்."

அடிவானம் கோணலாகிக் கடல் சரிந்து கிடப்பது பிழைதான், சொல்ல வேண்டியதுதான். ஆள் நடுவில் நிற்பது அப்படியில்லை. பத்மநாபபுரம் அரண்மனையின் நவராத்திரி மண்டபத்தில் இரு பக்கமும் ஒத்துப்போகும் கல்தூண் வரிசைக்கு இடையே ஒருவரை நிறுத்தினால், நடுவில் நிற்பதால்தான் அந்தப் படமே நிற்கும். விதி சொல்பவரிடம், மாற்றினால் இந்தப் படத்துக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் இருந்தால் அந்தக் கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டீயைக் குடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள்.

இதே அறையில் கேமராவின் விலையும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர் தானாகவே மூத்தவராகிவிடுவார். போனில் எடுக்கிற பெண் ஓரமாக நாற்காலி தேடுவார். மாதத்தில் ஒரு தடவை எல்லாரும் போனில் மட்டும் எடுப்பது என்று வைத்துப் பாருங்கள். யாருக்கு வெளிச்சம் தெரியும், யாருக்குப் பட்டன் மட்டும் தெரியும் என்பது அன்றைக்கே விளங்கிவிடும்.

வெளியூர்ப் பாடத்தை இங்கே அப்படியே போடுவது

ஐரோப்பாவில் இருக்கிறவர், சூரியன் அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது வரும் பொன்னொளி ஒரு மணி நேரம் நீடிக்கும் என்று சொல்லித்தருவார். அவருக்கு நீடிக்கும், அங்கே சூரியன் சாய்வாக இறங்குகிறது. கன்னியாகுமரி இருப்பது 8 டிகிரி வடக்கில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாகவே இறங்கும். மணிக்கு 15 டிகிரி என்று கணக்குப் போட்டால், அடிவானத்துக்கு மேல் கடைசி 6 டிகிரியைக் கடக்க ஏறத்தாழ 25 நிமிடம்தான். ட்ரைபாடை விரித்து, ஃபில்டரைத் தேடி, பக்கத்து ஆளிடம் செட்டிங் கேட்பதற்குள் தீர்ந்துவிடும். குழுவாகப் போகும்போது பேச்சில் கரைகிற நேரமும் இதுதான். ஆறு மணி அஸ்தமனத்துக்கு ஐந்து மணிக்கே இடம் பிடித்து, பேச வேண்டியதையெல்லாம் அப்போதே பேசிவிடுங்கள்.

நண்பகலும் அப்படித்தான். ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது ஆளை எடுத்தால் நிழல் விழுந்து, கண் இருக்கும் இடத்தில் இரண்டு கருங்குழிதான் பதிவாகும். அந்த நேரத்தில் ஆளை வெயிலில் நிறுத்தாமல் திண்ணையிலோ ஓலைக் கொட்டகையிலோ உட்காரவைத்து எடுங்கள். கீழே வெள்ளை மணலோ சிமென்ட் தரையோ இருந்தால் வெளிச்சம் அடியிலிருந்து முகத்துக்கு ஏறும்.

திசையைப் பார்க்காமல் கிளம்புவது இன்னொன்று. கன்னியாகுமரியில் ஆண்டு முழுக்கச் சூரியன் கடலில்தான் இறங்கும் என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. ஜூன் வாக்கில் அது வடமேற்காக ஒதுங்கி, முனையிலிருந்து பார்த்தால் நிலத்தின் பக்கம் மறையும். மார்கழியில் தென்மேற்காக, கடலுக்குள் இறங்கும். இரண்டு கோடிகளுக்கும் இடையே 47 டிகிரி வித்தியாசம். போனில் சூரியன் திசை காட்டும் ஆப் ஒன்று இருந்தால் ஒரு பயணம் வீணாகாது.

சித்திரைப் பௌர்ணமியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் ஒரே மாலையில் பார்க்கலாம் என்று பெருங்கூட்டம் கூடும், கேமராக்காரர்களும் சேர்ந்துதான். ஒன்று மேற்கே, மற்றது கிழக்கே. ஒருவரே இரண்டையும் எடுக்க நினைத்து, கழுத்தைத் திருப்பித் திருப்பி, இரண்டிலும் பாதியோடு வீடு திரும்புவார். குழு எதற்கு இருக்கிறது? பாதிப் பேர் மேற்கைப் பார்க்கட்டும், பாதிப் பேர் கிழக்கை. ஒருவர் இரண்டுக்கும் நடுவில் நின்று வாய் பிளந்து பார்க்கிற கூட்டத்தை எடுக்கட்டும். அநேகமாக அவருடைய படம்தான் தேறும்.

உப்பைப் பற்றிச் சுருக்கமாக. முட்டத்திலோ மணக்குடியிலோ கடற்காற்றில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். கண்ணாடியில் படிந்த உப்பையும் மணலையும் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதுகுழாயால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட துணியால் துடையுங்கள். ட்ரைபாடின் கால்களை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில், ஆடி மாதத்தில், ட்ரைபாடை நம்பி விட்டுவிட்டு நகரவே நகராதீர்கள்.

ஒரு மனிதரைப் பதினைந்து கேமரா சூழ்வது

இதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிற தவறு. தனியாகப் போகும் போட்டோக்காரருக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். கும்பலாகப் போனால் அந்தக் கூச்சம் போய்விடும். தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலையில் ஒருவர் பிச்சிப்பூவை எடைபோட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் எடுக்கத் தொடங்கியதும் மற்றவர்கள் ஓடிவந்து சுற்றி நிற்பார்கள். வியாபாரம் நின்றுபோகும். அந்தப் படம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும் என்பது வேறு விஷயம். கரையில் நின்று கரமடி வலையைக் கயிற்றால் இழுக்கும் இடத்தில் இன்னும் மோசம். கயிற்றின் பாதையில் ஆள் நின்றால் இழுப்பவர்களுக்கும் ஆபத்து, நிற்பவருக்கும் ஆபத்து.

குமரிக் கடற்கரை ஊர்கள் 2004 சுனாமியையும் 2017 ஒக்கிப் புயலையும் கண்டவை. சாவு வீட்டு வாசலில் கேமராக்கள் வந்து நின்றதைப் பார்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். உங்கள் கேமராவைப் பார்த்ததும் ஒரு பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கும். "எடுக்கட்டுமா பாட்டி?" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். சம்மதித்தவருக்கு அடுத்த தடவை போகும்போது ஒரு பிரிண்ட் கொண்டு கொடுங்கள். போனில் காட்டிவிட்டு வருவது அதற்கு ஈடாகாது. ஓர் இடத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேராகப் பிரிந்து போவது இந்தத் தொல்லையை வெகுவாகக் குறைக்கும்.

முக்கடல் சங்கமத்தில் சுற்றுலாப் பயணிகளைப் படமெடுத்து அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்குக்காரர்கள் போய், "நாங்க சும்மா எடுத்துத் தர்றோம்" என்று அவர்களின் வாடிக்கையாளரை இழுப்பது பச்சைத் துரோகம். எந்த மாதத்தில் எந்தப் படியில் நின்றால் வள்ளுவர் சிலைக்குப் பின்னால் வெளிச்சம் வரும், கூட்டத்துக்கு நடுவில் ஒரு குடும்பத்தை எப்படிச் சிரிக்கவைப்பது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒருவரை மாலைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லும் குழு ஏன் ஒன்றும் கண்ணில் படமாட்டேன் என்கிறது?

பறவை, பதக்கம், அனுமதி

சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022-ல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு தேரூர் குளக்கரையில் நீள லென்ஸ்கள் கூடிவிட்டன. பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புவது, ஆப்பில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை இழுப்பது, கூட்டுக்கு அருகே போய் இலையை விலக்குவது, அப்புறம் இடத்தைத் துல்லியமாகப் பொதுவில் போடுவது, இவை எதையும் குழுவில் ஒருவர் செய்தால் மற்றவர்கள் அங்கேயே தடுக்க வேண்டும். தூரத்திலிருந்து வலசை வந்த பறவைக்குச் சும்மா கிளம்பிப் பறப்பது சக்திச் செலவு.

இயற்கைப் படங்களைப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றில் சறுக்குகிறார்கள். ஃபியாப், பிஎஸ்ஏ, ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி என்ற போட்டோ அமைப்புகள் மூன்றும் இயற்கைப் பிரிவுக்கு ஒரே வரையறையை வைத்திருக்கின்றன. ஃபிரேமை வெட்டலாம், ஆனால் படத்தில் இருந்ததை அழிக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. குறுக்கே வந்த கிளையை எடிட்டில் துடைத்தால் அந்தப் பிரிவுக்கு அந்தப் படம் ஆகாது. கேமரா பதிவுசெய்த மூலமான ரா கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள், கேட்டால் காட்ட வேண்டிவரும். எந்தப் போட்டியானாலும் பணம் கட்டுமுன் விதிமுறையில் படத்தின் உரிமை யாருக்குப் போகிறது என்று படியுங்கள். பதக்கம் வாங்கிய படத்தையே எல்லாரும் திரும்ப எடுக்க ஆரம்பித்தால், வலை வீசும் கறுப்பு உருவமும் பின்னால் செக்கர் வானமும் குழுவில் குவியும்.

அனுமதி விஷயத்தில் தகராறு செய்யாதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு, திங்கட்கிழமை விடுமுறை. காட்டுப் பகுதிக்கு வனத்துறையிடம் கேளுங்கள். கோயில் உட்பிரகாரத்தில் கேமராவை எடுக்கவே வேண்டாம். ட்ரோன் வைத்திருப்பவர் பறக்கவிடுமுன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் அந்த இடத்துக்கு அனுமதி உண்டா என்று பார்க்கட்டும்.

இடம் தீர்ந்துவிட்டது என்று சொல்வது

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகாததால்தான் இடம் தீர்கிறது. நாஞ்சில் நாட்டு வயல் ஒன்றைக் குழு தத்தெடுத்துக்கொள்ளட்டும். ஜூன் வாக்கில் பேச்சிப்பாறைத் தண்ணீர் வாய்க்காலுக்கு வரும். கன்னிப்பூ என்ற முதல் போக நெல் சாகுபடி தொடங்கும். நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, கதிர், அறுப்பு, அப்புறம் இரண்டாம் போகமான கும்பப்பூவுக்கு மறுபடி உழவு. இதை ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவருக்குத் தண்ணீர், ஒருவருக்குக் கைகள், ஒருவருக்கு அந்த வயலுக்கு வரும் கொக்கும் நாரையும். மழைநாளையும் விடாதீர்கள், இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் வெயில் காய்கிற நாளுக்கு மட்டும் கேமராவை எடுப்பது வீண். மாலைக் கூட்டத்தில் அந்தப் படங்களை வரிசையாக அடுக்கும்போது எது விட்டுப்போனது என்று தெரியும், அடுத்த ஞாயிறு எங்கே போவது என்ற கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கும்.

கோப்புகளை இரண்டு வேறு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். கண்காட்சியை நாகர்கோவில் மண்டபத்தில் வைப்பதற்கு முன், வயல் இருக்கும் ஊரின் நூலகத்தில் ஒருநாள் வையுங்கள். படத்தில் இருக்கிறவர்கள் வந்து பார்க்கட்டும், தப்பாக எழுதிய பயிரின் பெயரைத் திருத்தட்டும். பிரிண்ட்டின் பின்பக்கம் ஊர், மாதம், எடுத்தவர் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.