ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் த்ரெட்: எங்கே சறுக்குகிறது?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் ஒரு கணினி, தருமபுரிக் கடையில் இன்னொன்று. மண்டியிலிருந்து பெங்களூரா ரக மாங்காயின் விலை வர வேண்டும், கடையிலிருந்து ஆர்டர் போக வேண்டும். பாலிடெக்னிக் புராஜெக்ட்டாக இதைச் செய்பவர்கள் முதலில் ஒரே லூப்பில் இன்புட், அப்புறம் ரிசீவ் என்று எழுதிவிடுகிறார்கள். கடைக்காரர் எதையாவது தட்டி என்டர் அழுத்தும் வரை, வந்த விலை திரைக்கு வராது.

த்ரெட் என்பது ஒரே நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத் தொடர். பெற ஒரு த்ரெட், அனுப்ப ஒரு த்ரெட் என்று பிரித்தால் இது தீரும். கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி இணைப்பில் இரு திசையும் தனித்தனி. அந்த இணைப்பின் நம் பக்க முனைதான் சாக்கெட். ஒரே சாக்கெட்டில் ஒரு த்ரெட் படிக்கலாம், இன்னொன்று எழுதலாம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டுக்கும் ஒரே லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) போடுவதுதான் வம்பு. ரிசீவ் லாக்கைப் பிடித்தபடியே காத்திருக்கும், அனுப்பும் த்ரெட் அசையாது. இரண்டு த்ரெட்கள் ஒரே சாக்கெட்டில் அனுப்பினால் மட்டும் லாக் தேவை. இல்லாவிட்டால் செய்திக்குள் செய்தி புகுந்துவிடும். அதற்கும் செய்திகள் வரிசையில் காத்திருக்க ஒரு க்யூ வைத்து, ஒரே த்ரெட் எடுத்து அனுப்புவதே எனக்குப் பிடித்த வழி.

ஆனால் த்ரெட்டின் மேல் பழி விழும் பல பிழைகள் த்ரெட்டுடையவையே அல்ல. ஒரு தடவை அனுப்பியது ஒரே தடவையில் வந்து சேரும் என்ற நம்பிக்கைதான் காரணம். டிசிபிக்குச் செய்தி என்றெல்லாம் தெரியாது, பைட் வரிசை மட்டுமே தெரியும். இரண்டு விலைகள் ஒட்டிக்கொண்டு வரலாம், ஒரே விலை இரண்டு துண்டாகவும் வரலாம். தமிழில் அனுப்பினால் கூத்து இன்னும் அதிகம்: எழுத்துகளை பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘கிருஷ்ணகிரி’ 33 பைட். வெட்டு ஓர் எழுத்தின் நடுவே விழுந்தால், பைட்டைத் திரும்ப எழுத்தாக்கும்போது பைதானில் டிகோட் எரர் வந்து பெறும் த்ரெட் மட்டும் செத்துவிடும். மற்றது ஓடிக்கொண்டே இருப்பதால் விலை ஏன் நின்றது என்று யாருக்கும் புரியாது. நீளத்தை முதல் 4 பைட்டில் அனுப்புங்கள். அத்தனையும் சேரும் வரை லூப்பில் படித்து, பிறகு டிகோட் செய்யுங்கள். அனுப்பும் பக்கம் சென்ட் வேண்டாம், சென்ட்ஆல் போடுங்கள். சென்ட் பாதியை அனுப்பிவிட்டுத் திரும்பலாம். ஒரே லேப்டாப்பில் சோதித்தால் இவை பெரும்பாலும் தலைகாட்டாது. மொபைல் இணையத்தில், இரண்டு ஊருக்கிடையே ஓட்டிப் பாருங்கள்.

சரி, நிறுத்துவது எப்படி? ரிசீவ் 0 பைட் தந்தால் மறுமுனை அனுப்பி முடித்துவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காத லூப் சும்மா சுற்றி சிபியூவைத் தின்னும். நாமே நிறுத்தும்போது லினக்ஸில் வெறும் க்ளோஸ் போட்டால், காத்திருக்கும் ரிசீவ் விழிக்காமலே போகலாம். முதலில் இணைப்பை முடிக்கும் ஷட்டவுன், அடுத்து அந்த த்ரெட் முடியும் வரை காத்திருக்கும் ஜாயின், கடைசியில் சாக்கெட்டை மூடும் க்ளோஸ். மண்டியில் கரண்ட் போனாலோ அந்த 0 பைட்டும் வராது. மறுமுனை இருக்கிறதா என்று பார்க்கும் டிசிபி கீப்அலைவை நாம் இயக்கியிருந்தாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் அது 2 மணி நேரம் கழித்துத்தான் விசாரிக்கும். அதனால் அரை நிமிடத்துக்கு ஒரு சின்ன பிங் செய்தியை நிரலிலேயே அனுப்பி, பதில் வருகிறதா என்று பாருங்கள்.